பக்கம் யார் பேரில் இருக்கிறது?

வாசகர் கேள்வி: "சேலம் பக்கம் இளம்பிள்ளையில் பதினைந்து வருடமாகச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். 2019-ல் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர்தான் கடைக்கு ஃபேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராமும் ஆரம்பித்துக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் லைவ் போடுவார். இன்றைக்குப் பக்கத்தில் 41 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தீபாவளி முடிந்ததும் கமிஷன் கணக்கில் பேச்சு முற்றி, வேலையை விட்டு நின்றுவிட்டார். பொங்கலுக்குள் பக்கத்தில் இருந்த எங்கள் வாட்ஸ்அப் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டுவிட்டார். எங்கள் கடைப் பெயரிலேயே தன் சரக்கை விற்கிறார். கேட்டால், 'பக்கம் நான் ஆரம்பிச்சது, 2 லட்சம் கொடுத்தா தர்றேன்' என்கிறார். வீட்டுக்காரர் போலீசுக்குப் போகலாம் என்கிறார். சேலத்தில் ஒருவர் 15 ஆயிரம் கொடுத்தால் மூன்று நாளில் மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். லைவ் போட்ட போன் எங்களிடம்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?" (ஒரு வாசகி, இளம்பிள்ளை)

அக்கா, முதலில் அந்த 15 ஆயிரத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் மீட்டுத் தருகிறேன் என்கிறவருக்கு, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தில் தனி வாசல் எதுவும் கிடையாது. உங்கள் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு வாங்கி, உங்கள் சொந்த ஐடியையும் தன் கைக்குள் கொண்டுபோவார். இல்லாவிட்டால் ஆள் சேர்த்து அந்தப் பக்கத்தின் மேல் புகார் மேல் புகாராகத் தட்டிவிட்டுப் பக்கத்தையே மூட வைப்பார். அப்புறம் அது அந்தத் தம்பிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அதுவும் இல்லையா, தம்பிக்குப் போலி லிங்க் அனுப்பி அவர் பாஸ்வேர்டைத் திருடுவார். அப்படிச் செய்தால் பக்கம் திரும்பி வரவும் கூடும். கூடவே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வழக்கும் வரும். பணம் கொடுத்து வேலை வாங்கியவர் என்று உங்கள் பெயரும் அதில் இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபேஸ்புக் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு கிடையாது. 'பேஜ் பாஸ்வேர்டை மாத்திட்டாங்க சார்' என்று சேலம் ஐந்து ரோட்டில் இருக்கும் எங்கள் அலுவலகப் படியேறி வருகிறவர்கள் நிறையப் பேர். மாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பக்கமும் யாரோ ஒருவருடைய, அல்லது இரண்டு மூன்று பேருடைய, சொந்த ஐடியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களில் யாருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' இருக்கிறதோ, அவர் மற்றவர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், பக்கத்தையே அழிக்கலாம். கரண்ட் கனெக்‌ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் உங்களுடையது, மாதாமாதம் பில் கட்டியதும் நீங்கள்தான், ஆனால் மீட்டர் மட்டும் முன்பு குடியிருந்தவர் பேரில் இருக்கிறது. ஈபி ஆபீசில் போய் நின்றால், 'கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?' என்றுதான் முதல் கேள்வி வரும். மெட்டாவும் அதையேதான் கேட்கும். கடையில் யார் முதலாளி என்பது அதற்குத் தெரியாது.

அதனால் போலீசையும் வக்கீலையும் இரண்டு நாள் தள்ளி வையுங்கள். இன்று இரவு கடை சாத்திய பிறகு வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி, ஃபேஸ்புக்கைத் திறந்து, மெனுவில் 'பேஜஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் போன், வீட்டுக்காரர் போன், பிள்ளைகள் போன், கணக்கு எழுதும் பெண்ணின் போன், ஒன்றையும் விடாதீர்கள். எப்போதோ ஒரு அவசரத்துக்கு, 'அக்கா, மெசேஜ் வந்தா நீங்களும் பாத்துக்கோங்க' என்று அந்தத் தம்பி யாரையாவது சேர்த்துவிட்டிருப்பார். சேர்த்ததை அவரே மறந்திருப்பார்.

ஏற்காட்டில் லூப் ரோடு பக்கம் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறவர், கோடை விழா நெருங்குகிற நேரத்தில் மலையிறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டார், போனையும் எடுப்பதில்லை. சீசன் புக்கிங் மெசேஜ் எல்லாம் பக்கத்தில் வந்து குவிகிறது, திறந்து பார்க்க ஆளில்லை. இரண்டு மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது வாசலில் நின்று, 'லாக்டவுன்ல எம் பொண்ணுதான் கொஞ்ச நாள் பதில் போட்டுக்கிட்டு இருந்துச்சு' என்றார். மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாள். இரவு போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். காலை வரை காத்திருந்தோம். அவள் ஐடியில் ஃபுல் கன்ட்ரோல் அப்படியே இருந்தது. மொத்த வேலை பத்து நிமிடம்.

உங்களுக்கும் அப்படிக் கிடைத்தால் உடனே அந்தத் தம்பியை நீக்கப் பாயாதீர்கள். உங்களுக்கு இருக்கும் அதே அதிகாரம் அவருக்கும் இருக்கிறது. உங்கள் ஐடி லேசாக இருந்தால் அவர் உங்களை முந்திவிடுவார். முதலில் அந்த ஐடியின் பாஸ்வேர்டை மாற்றி, பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, வேறு எந்தப் போனிலெல்லாம் அது திறந்திருக்கிறது என்று பார்த்து அவற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் பக்கத்துக்குள் போய் 'பேஜ் ஆக்சஸ்' என்ற இடத்தில் அவர் பெயரை எடுங்கள். கூடவே ஒன்றைப் பாருங்கள்: பக்கம் ஏதாவது 'பிசினஸ் போர்ட்ஃபோலியோ'வில் (ஒரு தொழிலின் பக்கங்களையும் கணக்குகளையும் ஒன்றாக வைக்கும் மெட்டாவின் பெட்டி) சேர்க்கப்பட்டிருக்கிறதா, அது யாருடையது என்று. ஒரு பக்கம் ஒரு போர்ட்ஃபோலியோவுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். அவர் தன்னுடையதில் சேர்த்துவைத்திருந்தால், ஆளை நீக்கிய பிறகும் சாவி அவரிடமே இருக்கும்.

இன்ஸ்டாகிராம் கதை வேறு. அதற்குப் பாஸ்வேர்டு உண்டு. எந்த ஈமெயில், எந்த போன் நம்பர் அதில் பதிந்திருக்கிறதோ அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆள். 2019-ல் ஆரம்பித்தபோது கடை சிம் நம்பரைப் போட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். நுழையும் இடத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதைத் தட்டி, கடை நம்பரைப் போட்டுப் பாருங்கள். குறுஞ்செய்தி வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் கடையின் ஜிமெயிலைத் திறந்து, இன்ஸ்டாகிராமிலிருந்து வந்த பழைய மெயில்களைத் தேடுங்கள். பதிந்த ஈமெயிலை யாராவது மாற்றினால், பழைய ஈமெயிலுக்கு ஒரு தகவல் வரும். 'நான் மாற்றவில்லை' என்று திருப்பிவிடும் லிங்க் அதிலேயே இருக்கும். குப்பைப் பெட்டியையும் சேர்த்துத் தேடுங்கள். ஆனால் அந்த மாதிரி மெயில் பேரில் போலிகளும் நிறைய உலவுகின்றன. அனுப்பிய முகவரி உண்மையில் இன்ஸ்டாகிராமுடையதுதானா என்று பார்க்காமல் லிங்க்கைத் தொடாதீர்கள்.

லைவ் போட்ட போனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் கையில் இருப்பது நல்லதுதான், ஆனால் கத்தி மாதிரி பிடிக்க வேண்டிய பொருள். சார்ஜ் போடுங்கள், ரீசெட் செய்யாதீர்கள், எந்த ஆப்பிலிருந்தும் வெளியேறாதீர்கள். இன்ஸ்டாகிராம் அதில் கடை அக்கவுன்டாகவே திறந்திருந்தால், அது உங்கள் கடையின் அக்கவுன்ட்; அமைப்புகளுக்குள் போய் ஈமெயிலையும் நம்பரையும் கடையுடையதாக மாற்றலாம். ஃபேஸ்புக் அந்தத் தம்பியின் சொந்த ஐடியில் திறந்திருந்தால், கை வைக்காதீர்கள். போன் உங்களுடையது, ஐடி அவருடையது. அவர் ஐடிக்குள் புகுந்து உங்களை நீங்களே அட்மினாக ஆக்கிக்கொண்டால், இன்றைக்கு அவர் மேல் நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டை நாளைக்கு அவர் உங்கள் மேல் சொல்வார். அதுவும் கொஞ்சம் நியாயத்தோடு சொல்வார்.

பணம் ஒழுகுகிறதா என்பதையும் இன்றே பாருங்கள். பக்கத்துக்கு விளம்பரம் போட உங்கள் கார்டைக் கொடுத்திருந்தால், அது விளம்பரக் கணக்கில் இன்னும் இருக்கக்கூடும். அவர் சரக்குக்கு நீங்கள் விளம்பரக் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள்! வங்கியில் சொல்லி அந்தக் கார்டை நிறுத்திவிட்டு வேறு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே விளம்பரக் கணக்கு உங்களுக்கு நல்ல சாட்சியும்கூட. கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் மெட்டா ரசீது கொடுத்திருக்கும். அதில் கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால், 'இந்தப் பக்கத்துக்குக் காசு கட்டியது இந்தக் கடை' என்று மெட்டாவின் காகிதமே சொல்கிறது. ஆடிட்டரிடம் இருக்கும், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு விவரத்தில் தேதி பார்த்து எடுக்கலாம். அடுத்தது, பக்கத்தில் 'பேஜ் ட்ரான்ஸ்பரன்சி' என்று ஒரு பகுதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பக்கம் ஆரம்பித்த தேதி, பெயர் மாற்றிய தேதிகள், நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். அதைப் படம் பிடித்து வையுங்கள். உங்கள் வாட்ஸ்அப் எண்ணோடு வந்த பழைய பதிவுகளையும், அவர் எண்ணோடு வரும் புதிய பதிவுகளையும் தேதி தெரிகிற மாதிரி எடுங்கள். பேச்சு ஆரம்பித்துவிட்டால் பழைய பதிவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்; நான் பார்த்திருக்கிறேன். எடுத்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். கோர்ட்டு வரைக்கும் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும், எந்தக் கருவியில் எடுத்தது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இதெல்லாம் முடிந்ததும், அந்தத் தம்பியோடு பேசுங்கள். இதை நான் சடங்குக்காகச் சொல்லவில்லை. என்னிடம் வரும் பக்கத் தகராறுகளில் உண்மையான திருட்டு குறைவு. நோண்டிப் பார்த்தால் அடியில் ஒரு சம்பள பாக்கி இருக்கும், வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தை இருக்கும், 'எல்லாம் நான்தான் பண்ணேன், பேர் மட்டும் அவங்களுக்கு' என்ற ஆற்றாமை இருக்கும். உங்கள் கடிதத்திலேயே 'கமிஷன் கணக்கில் பேச்சு முற்றி' என்று ஒரு வரி வந்து போகிறது. அதைத் தாண்டி நீங்கள் போய்விட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் தினமும் சாயங்காலம் கேமரா முன்னால் நின்று, ஒவ்வொரு சேலையாக முந்தியைப் பிரித்துக் காட்டி, 'ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, சிங்கிள் பீஸ்தான் இருக்கு' என்று தொண்டை வற்றக் கூவியவர் அவர். 41 ஆயிரம் பேரில் பாதிப் பேருக்கு உங்கள் கடை என்றால் அவர் முகம்தான் ஞாபகம் வரும். அவர் செய்தது சரியா என்றால், சரியில்லை. கடைப் பெயரைப் போட்டுக்கொண்டு தன் சரக்கை விற்பது தப்புதான். ஆனால் அவரைத் திருடன் என்று வைத்துப் பேச ஆரம்பித்தால் 2 லட்சம் 4 லட்சமாகும்.

நேரில் பேசுங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப் குரல் பதிவு வேண்டவே வேண்டாம். உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டிய ஒருவர் இருப்பார். உங்களுக்கும் அவருக்கும் நூலோ பாவோ கொடுக்கிற யாராவது. அவரை நடுவில் வையுங்கள். கேட்க வேண்டியது பாஸ்வேர்டை அல்ல. 'எங்க ரெண்டு பேருக்கும் ஃபுல் கன்ட்ரோல் குடு, நீ வெளிய வந்துரு' என்று கேட்க வேண்டும். அவர் போனும் உங்கள் போனும் மேசை மேல் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் அழைப்பு அனுப்புவார், நீங்கள் அங்கேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த அட்மின் பழைய ஆளை நீக்கப் பார்த்தால் ஃபேஸ்புக் ஏழு நாள் வரை காத்திருக்கச் சொல்லும். அதனால் நீங்கள் அவரை நீக்குவதாக வைக்காமல், அவரே தன் பெயரை எடுத்துவிட்டு வெளியேறுவதாகப் பேசி முடியுங்கள். பணத்தைக் கையில் கொடுப்பது அதற்குப் பிறகுதான். இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு, பிசினஸ் போர்ட்ஃபோலியோ, கூகுள் மேப்பில் கடையின் இடம், இவை நான்கும் ஒரே உட்காரலில் முடிய வேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் மறுபடி போய் நிற்க வேண்டும், அப்போது விலை வேறு.

ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எழுதும்போது வீட்டுக்காரர், 'இனிமே இவன் ஆன்லைன்ல சேலையே விக்கக் கூடாதுன்னு எழுதுங்க' என்பார். எழுத வேண்டாம். ஒருவர் தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. அவர் தன் பெயரில் பக்கம் ஆரம்பித்து இளம்பிள்ளைச் சேலையே விற்கட்டும். உங்கள் கடைப் பெயர், உங்கள் லோகோ, உங்கள் கடையில் எடுத்த வீடியோ, இவற்றைத் தொடக் கூடாது என்று எழுதினால் போதும். அந்த வீடியோக்கள் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, சம்பளத்துக்கு வேலை செய்தபோது அந்த வேலைக்காக உருவாக்கியதன் காப்புரிமை முதலாளிக்கே என்கிறது 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. பேசும்போது இதை முதலில் எடுக்காதீர்கள். மடியில் இருக்கட்டும்.

2 லட்சம் கொடுக்கலாமா? பக்கத்துக்கு விலையாகக் கொடுக்காதீர்கள். கமிஷன் பாக்கி எவ்வளவு என்று உண்மையாகக் கணக்குப் போட்டு, அதைக் கொடுங்கள். மேலே கொஞ்சம் கொடுத்தாலும் தப்பில்லை. ஆனால் தாளில் 'கணக்குத் தீர்வு' என்றுதான் இருக்க வேண்டும். 'பக்கத்துக்கு விலை' என்று எழுதினால், பக்கம் அவருடையதாகத்தான் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பேச்சு முறிந்தால் மெட்டாவிடம் போக வேண்டும். இங்கே நிறையப் பேர் செய்யும் தப்பு, 'ஹேக் ஆகிவிட்டது' என்ற படிவத்தை நிரப்புவது. அந்த வழி வேறு யாரோ உள்ளே புகுந்துவிட்ட ஐடிகளுக்கானது. உங்கள் பக்கத்தை யாரும் உடைக்கவில்லை, ஆரம்பித்தவரே வைத்திருக்கிறார். பொய்யாக ஹேக் என்று சொன்னால், இயந்திரம் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று மூடிவிடும், அடுத்து உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. அட்மின் தகராறு என்றே கேளுங்கள். உங்கள் புகைப்பட அடையாள அட்டை, கடையின் ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ், அப்புறம் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட ஒரு வாக்குமூலம்: கடைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், அவர் யார், எந்தத் தேதியில் வேலையை விட்டார், நீங்கள் கேட்பது என்ன, சொன்னதெல்லாம் உண்மை. இந்த மாதிரிக் காகிதங்களைத்தான் கேட்பார்கள். வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், கோபத்தை அதில் காட்ட வேண்டாம்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்க் கடைகள் வழுக்கி விழுகின்றன. பக்கத்தின் பெயர் ஊர்ப் பெயரும் 'ஹோல்சேல் சாரீஸ்' என்பதுமாக இருக்கும். ஜிஎஸ்டியில் வீட்டுக்காரர் பெயரில் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று இருக்கும். இரண்டும் ஒரே கடை என்று இளம்பிள்ளைக்கே தெரியும், எங்கோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஜிஎஸ்டி சான்றிதழில் வணிகப் பெயர் என்று ஒரு இடம் உண்டு. அதில் பக்கத்தின் பெயர் இல்லையென்றால் ஆடிட்டரிடம் சொல்லித் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். டிரேட்மார்க் எடுத்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும். சிறு தொழிலுக்கு ஒரு சரக்குப் பிரிவுக்கு 4,500 ரூபாய்தான் ஆன்லைன் கட்டணம். ஆனால் வெறும் ஊர்ப் பெயரையும் 'சாரீஸ்' என்பதையும் சேர்த்து வைத்தால் பதிவாவது கஷ்டம். உங்களுக்கென்று ஒரு பெயர் வேண்டும்.

மெட்டா பதிலே சொல்லாவிட்டால் அத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2021-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்தியாவுக்கென்று ஒரு குறைதீர்ப்பு அதிகாரி அவர்களுக்கு இருந்தாக வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்தில் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-லிருந்து இது நடக்கிறது, எல்லாம் ஆன்லைன்தான், டெல்லிக்கு அலைய வேண்டாம். புகார் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அந்த எண் இல்லாமல் மேல்முறையீடு இல்லை.

போலீஸ் விஷயம். வீட்டுக்காரர் அவசரப்படுவது புரிகிறது. ஆனால் 'அவர் ஆரம்பித்த பக்கத்தை அவர் தர மறுக்கிறார்' என்று போய் நின்றால், 'இது சிவில் மேட்டர், வக்கீலைப் பாருங்க' என்று அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நிலைமை மாறுவது எப்போது என்றால், உங்கள் கடை என்று நம்பி யாராவது அவருக்குப் பணம் போட்டு ஏமாந்தால். அல்லது உங்கள் நம்பரில், உங்கள் ஈமெயிலில் இருந்த இன்ஸ்டாகிராமைப் பாஸ்வேர்டு மாற்றி எடுத்துக்கொண்டார் என்று காட்ட முடிந்தால். முதலாவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி, இரண்டாவதற்கு 66சி; இரண்டுக்கும் மூன்று வருடம் வரை சிறை உண்டு. பணம் போட்டு ஏமாந்த வாடிக்கையாளர் உங்களைக் கூப்பிட்டுத் திட்டினால், அவரிடம் சண்டை போடாமல், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. புகார் கொடுப்பது நீங்களாக இருந்தால், இளம்பிள்ளை சேலம் மாவட்டக் காவல் எல்லையில் வருகிறது, மாநகரத்தில் அல்ல. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள், மாநகர ஆபீசில் போய் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள்.

கடைப் பெயரில் சரக்கு விற்பதை நிறுத்த மட்டும் வேண்டும் என்றால் வக்கீல் நோட்டீஸ் போதும். டிரேட்மார்க் பதிவு இல்லாவிட்டாலும், பதினைந்து வருடப் பெயரை இன்னொருவர் தன் பெயர் மாதிரி காட்டி விற்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. வக்கீல்கள் 'பாஸிங் ஆஃப்' என்பார்கள். பழைய பில் புத்தகங்களை எலிக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.

இதற்கிடையில் வியாபாரம் நிற்கக் கூடாது. 41 ஆயிரம் என்ற எண்ணைக் கேட்டால் நெஞ்சு பதறும், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பார்சல் நோட்டை எடுத்து, போன வருடம் உண்மையில் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாங்கிய ரீசெல்லர்கள் எத்தனை பேர் என்று தனியாக எண்ணுங்கள். அந்த நம்பர்கள் எல்லாம் கடை வாட்ஸ்அப்பில் இருக்கின்றன, அந்த சிம் உங்களிடம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டப் பின் நம்பரை இப்போதே போட்டுவிட்டு, அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: 'பழைய பக்கத்தில் வரும் நம்பர் எங்களுடையது இல்லை, ஆர்டர் இந்த நம்பரில் மட்டும்.' தம்பியின் பெயரைப் போடாதீர்கள், வசவு வேண்டாம். அடுத்த மாதம் வரை ஒவ்வொரு பார்சலிலும் இதையே ஒரு துண்டுச் சீட்டாக வையுங்கள். கூகுளில் கடையின் இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் பொறுப்பில் இருந்தால் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், பதில் சொல்ல அவருக்கு மூன்று நாள் அவகாசம், சொல்லாவிட்டால் நீங்களே எடுத்துக்கொள்ள வழி திறக்கக்கூடும். புதுப் பக்கமும் ஒன்று இன்றே ஆரம்பித்துவிடுங்கள். பழையது வந்தால் நல்லது, அதற்காக ஆடி சேல் வரை உட்கார்ந்திருக்க முடியாது.

புதுப் பக்கம் ஆரம்பிக்கும்போது கடைப் பெயரில் ஒரு 'ஐடி' உருவாக்கி அதில் பக்கத்தைத் தொங்கவிடாதீர்கள். சேலத்தில் பாதிக் கடைகள் இப்படித்தான் வைத்திருக்கின்றன. ஃபேஸ்புக் ஐடி உண்மையான மனிதருடையதாக இருக்க வேண்டும். 'சாரீஸ்' என்ற பெயரில் இருக்கும் ஐடியை ஒரு நாள் முடக்கினார்கள் என்றால் பக்கம் அனாதையாகிவிடும். மெட்டா பிசினஸ் சூட் என்ற ஆப்பில் கடை பேரில் ஒரு போர்ட்ஃபோலியோ ஆரம்பியுங்கள், பக்கமும் இன்ஸ்டாகிராமும் அதற்குள் இருக்கட்டும். ஃபுல் கன்ட்ரோல் உங்களுக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கோ பிள்ளைகளில் ஒருவருக்கோ ஒன்று. ஒருவர் மட்டும் வேண்டாம். அவர் போன் தொலைந்தால் எல்லோரும் வெளியே. லைவ் போட வரும் அடுத்த தம்பிக்கோ தங்கைக்கோ அவர்கள் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் 'டாஸ்க் ஆக்சஸ்' கொடுத்தால் போதும். இரட்டைச் சரிபார்ப்பு போடும்போது ஃபேஸ்புக் பத்து மீட்பு எண்கள் கொடுக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். போனிலேயே படம் பிடித்து வைத்தால், போன் போகும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

தம்பியைப் பார்க்கப் போகும் நாளில், கமிஷன் எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். தீபாவளி மாதப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பியுங்கள், போனை அப்புறம் எடுக்கலாம். பேசி என்ன ஆனது என்று எழுதுங்கள். மெட்டாவுக்குப் போக வேண்டியிருந்தால், வாக்குமூலத்தை அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை நான் படித்துப் பார்க்கிறேன்.